ரப்பர் மவுண்டுக்குப் பதிலாக ஸ்பிரிங்: ஸ்ட்ரெஸ் ஏன் எகிறுகிறது, மோட்டார் ஏன் நழுவுகிறது?

நான்கு ரப்பர் மவுண்டுகளை வரையாமல், மோட்டார் காலையும் அடித்தட்டையும் அபாகஸ் என்ற விசைப் பகுப்பாய்வு மென்பொருளில் ஸ்பிரிங்கால் இணைத்திருக்கிறீர்கள். ஒரே புள்ளியில் ஸ்ட்ரெஸ் (ஓரலகு பரப்பில் விழும் விசை) எகிறுகிறது, மோட்டாரும் பக்கவாட்டில் நழுவுகிறது என்கிறீர்கள்.

ஸ்ட்ரெஸ் எகிறக் காரணம், ஸ்பிரிங் முனையை நேராக சாலிட் பாகத்தின் ஒரே நோடில் (மெஷ் கட்டங்களின் ஒரு மூலைப்புள்ளியில்) மாட்டியது. மொத்த விசையும் பரப்பே இல்லாத புள்ளியில் இறங்குகிறது. மெஷ்ஷை, அதாவது பாகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலையை, நுணுக்க நுணுக்க அந்த எண் ஏறுமே தவிர நிலைக்காது. மோட்டார் காலில் மவுண்ட் மாட்டும் துளையின் மையத்தில் ரெஃபரன்ஸ் பாயின்ட் (தனியாக வைக்கும் ஒரு புள்ளி) வைத்து, மவுண்ட் உண்மையில் தொடும் பரப்போடு கப்ளிங் செய்யுங்கள், அதாவது பரப்பின் நோடுகளை அந்தப் புள்ளியோடு பிணையுங்கள். அடித்தட்டிலும் அப்படியே. ஸ்பிரிங் அந்த இரண்டு பாயின்ட்டுகளுக்கு இடையே போகட்டும். கப்ளிங்கில் இரண்டு வகை. கினமாட்டிக் கப்ளிங் அந்தப் பரப்பை வளையவே விடாது. டிஸ்ட்ரிபியூட்டிங் கப்ளிங் விசையைப் பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளும். கால் மெல்லிய தகடு என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

நழுவலுக்குக் காரணம் வேறு. இரு நோடுகளைச் சேர்க்கும் கோட்டின் திசையில் மட்டும் இயங்கும் ஸ்பிரிங்குக்குப் பக்கவாட்டு விறைப்பு கிடையாது, ரப்பருக்கு உண்டு. ஸ்பிரிங்குக்குப் பதில், பல திசையிலும் விறைப்பு தரக்கூடிய இணைப்பான புஷிங் கனெக்டர் எடுத்து, மூன்று திசைக்கும் தனித்தனி விறைப்பு கொடுங்கள். லோக்கல் அச்சு (அந்த கனெக்டரின் சொந்தத் திசைகள்) எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். நாஸ்ட்ரான் என்ற இன்னொரு மென்பொருளில் இதே வேலைக்கு சிபுஷ் (CBUSH) என்ற எலிமென்ட்.

மாடலை ஓட்டியதும் சரிபார்க்கக் கையால் ஒரு கணக்கு. எடை 400 நியூட்டன், நான்கு மவுண்டுக்கும் தலா 200 நியூட்டன்/மிமீ விறைப்பு, எடை சமமாகப் பிரிகிறது என்றால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 0.5 மிமீ அமுங்க வேண்டும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறதா? மிமீ மாடலில் நியூட்டன்/மீட்டர் மதிப்பைப் போட்டிருப்பீர்கள்.