சூளைக் குழந்தைகளுக்கான முகாம்: நேரத்தை மாற்றிப் பாருங்கள்

செங்கல் சூளையில் ஒடிசாக் குடும்பங்கள் நிறைய இருந்தும், ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்ட தடுப்பூசி முகாமுக்கு நாலு குழந்தைதான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு நேரத்தில்தான். கல் அறுப்பவர்கள் பாதி ராத்திரியில் எழுந்து வேலை பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அசந்து தூங்குவார்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு, சூளைக்குள்ளேயே மேஜை போட்ட பிறகுதான் கூட்டம் வந்தது.

முதலில் கிராம சுகாதார செவிலியரைப் பிடியுங்கள். மருந்தும் ஐஸ் பெட்டியும் அவர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் தலைக்கணக்கு எடுத்துக் கொடுங்கள்: குடிசை குடிசையாக, வயதை மாதக் கணக்கில். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக் குப்பியைக் கலந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான்; அதற்குத்தான் இந்தத் தலைக்கணக்கு.

தடுப்பூசி அட்டை தொலைந்த பிள்ளைகள் இருப்பார்கள். இடது கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு தெரிகிறதே என்று மற்ற ஊசிகளும் போட்டாயிற்று என முடிவு கட்டாதீர்கள். தட்டம்மை-ரூபெல்லா தவறியிருந்தால் 5 வயது வரை போடலாம். அப்புறம், ஒடியா தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று அவர்கள் மொழியில் முன்பே சொல்லாவிட்டால், அடுத்த மாதம் அந்த நாலு பேரும் வரமாட்டார்கள்.