ஷெல் ஸ்கிரிப்டில் வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் போடச் சொல்வது ஏன்?

வேரியபிள் என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்; அதன் முன்னால் டாலர் குறி போட்டால் அந்த மதிப்பு வரும். அதை மேற்கோள் இல்லாமல் ஒரு கட்டளைக்குக் கொடுத்தால், பாஷ் (ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதிய கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் நிரல்) அந்த மதிப்பை இடைவெளி வரும் இடங்களில் துண்டாக்கிவிடும். நட்சத்திரக் குறி இருந்தால் கோப்புப் பெயர்களாக விரிக்கவும் பார்க்கும். மளிகைச் சீட்டில் ‘கடலை மாவு’ என்று எழுதினால், கடைக்காரர் கடலை தனியாக, மாவு தனியாகக் கட்டிக் கொடுப்பது மாதிரி. ‘பழைய கணக்கு’ என்ற கோப்பை அழிக்கச் சொன்னால் ‘பழைய’, ‘கணக்கு’ என்று இரண்டைத் தேடும். ‘கணக்கு’ என்று வேறொரு கோப்பு நிஜமாகவே இருந்தால், அது போச்சு! சில இடங்களில் மேற்கோள் தேவையில்லைதான். ஆனால் வரிக்கு வரி யோசித்துக்கொண்டிருப்பதைவிட, போடுவதையே பழக்கமாக்கிக்கொள்வது மேல். ஒற்றை மேற்கோளும் இதே வேலையைச் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குள் மதிப்பு வராது, டாலர் குறியும் பெயரும் அப்படியே நிற்கும்.