மக்கள்தொகையியலில் முதுகலை: கணக்குக்குப் பயப்பட வேண்டாம், எண்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சமூகவியலில் ஹானர்ஸ் இந்த வருடம் முடிகிறது. மக்கள்தொகை மாற்றம், அதனால் வரும் சமூகச் சிக்கல்கள் பற்றி முதுகலை படிக்க ஆசை. ஆனால் மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) நான் எடுத்தது மேத்ஸ் லிட்தான், அதாவது முழுக் கணிதத்துக்குப் பதிலான எளிய கணக்குப் பாடம். எங்கே சேரலாம், என்ன தலைப்பு எடுக்கலாம், வேலை கிடைக்குமா? "சென்சஸ் எடுக்கப் போவதற்கு மாஸ்டர்ஸ் எதுக்கு?" என்கிறார் மாமா.

பதில்: முதலில் கணக்கு. இந்தத் துறையில் தினமும் புழங்குவது விகிதம், சதவீதம், ஆயுள் அட்டவணை (எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், இன்னும் எத்தனை வருடம் வாழ்வார்கள் என்று வயதுவாரியாகக் காட்டும் பட்டியல்). எக்செல் தெரிந்தால் ஆயுள் அட்டவணையை நீங்களே போட்டுவிடலாம். அதற்கு மேல் புள்ளியியல் வரும். ஆர் (R) அல்லது ஸ்டாடா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருள் பழக வேண்டும். ஆர் இலவசம் என்பதால் இன்றைக்கே தொடங்கலாம். மேத்ஸ் லிட் படித்தவர்களுக்குச் சிரமம் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஆறு மாத உழைப்பில் தீரக்கூடிய சிரமம்.

எங்கே சேர்வது என்பதையும் இது ஓரளவு தீர்மானிக்கும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகையியல், காப்பீட்டுக் கணக்கியலை ஒட்டி வளர்ந்தது. அங்கே கணக்கு பலமாக வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் அது சமூக அறிவியல் துறைகளோடு இருக்கிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவார்ட் காலேஜ் வளாகத்தில் வளர்ச்சி ஆய்வுகளோடு சேர்ந்து இருக்கிறது. உங்களுக்குப் பின்னவை இரண்டும் பொருந்தும். ஹவார்ட் காலேஜ் என்றால் வீட்டிலிருந்தே மினிபஸ் டாக்ஸியில் போய்வரலாம், வாடகை மிச்சம். மாணவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். இரண்டாம் வருடம் பணம் தீரும்போதுதான் தெரியும்.

சரி, மாமாவுக்கு வருவோம். 2022 சென்சஸ்படி தென்னாப்பிரிக்காவில் சுமார் 6 கோடியே 20 லட்சம் பேர். ஆனால் எண்ணும் ஆட்கள் அத்தனை பேரையும் போய்ப் பார்க்கவில்லை. சென்சஸுக்குப் பிறகு நடந்த சரிபார்ப்பு ஆய்வு, நூற்றுக்கு 31 பேர் விடுபட்டார்கள் என்று காட்டியது. அதை வைத்து மதிப்பிட்டு நிரப்பிய எண்தான் நம் கையில் இருக்கிறது. 2011-இல் விடுபட்டவர்கள் 15 சதவீதத்துக்கும் கீழே. 2022-இல் இந்தியர், வெள்ளையர் என்ற இரண்டு பிரிவிலும்தான் விடுபட்டவர் விகிதம் மிக அதிகம். கேட் பூட்டிக் கிடக்கும், நாய் குரைக்கும், கோவிட் பயம் வேறு. ஆக, உங்கள் தெருவைப் பற்றி அட்டவணை சொல்வதில் பெரும்பகுதி மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைப் போடவும், அது சரியா என்று கேட்கவும் தெரிந்தவர்கள் வேண்டும். அதற்குத்தான் மாஸ்டர்ஸ். ஃபார்ம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது தற்காலிக ஒப்பந்த வேலை, அது வேறு.

இந்தச் சந்தேகம் இந்த நாட்டில் புதிதல்ல. 1991 சென்சஸ், அப்பார்தைட் (இனப்பிரிவினை) அரசு கறுப்பினத்தவருக்கென்று பிரித்து வைத்த டிரான்ஸ்கை, போபுதட்ஸ்வானா, வெண்டா, சிஸ்கை நான்கையும் 'தனி நாடு' என்று சொல்லி எண்ணாமலே விட்டது. அப்பார்தைட் முடிந்தபின் எல்லாரையும் ஒன்றாக எண்ணிய முதல் சென்சஸ் 1996-இல் நடந்ததுதான். தென்னாப்பிரிக்கக் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்பது) குறைந்த கதையைப் படிக்கிறபோதும், அப்பார்தைட் அரசு 1974-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை யாரை மனதில் வைத்துத் தொடங்கியது என்று கேட்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிய ஒரு சின்னப் பரீட்சை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் 1,52,000 பேரின் கப்பல் பதிவேடுகள் கணினியில் ஏறியிருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். சில கப்பல்களை எடுத்து, 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எண்ணுங்கள். அதில் 0, 5 என்று முடியும் வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அந்த எண்ணை, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இதுதான் விப்பிள் குறியீடு. 100-ஐ ஒட்டி வந்தால் வயது நம்பகம். 500 என்றால் எல்லா வயதும் 25, 30 என்று முழுசாக்கி எழுதியது. எண் ஏறியிருந்தால், வயதை யார் சொன்னது, வந்தவரா, ஆளைப் பார்த்து எழுதிய குமாஸ்தாவா என்ற கேள்வி தானாக எழும். எழுந்து உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் சேர்ந்துவிடுங்கள். சலிப்பாக இருந்தால் சமூகவியலிலேயே தொடருங்கள், தப்பில்லை.

தலைப்புக்கு என் யோசனை ஒன்று: பிள்ளைகள் ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று போய்விட்ட பிறகு சாட்ஸ்வொர்த்தில் தங்கிய முதியவர்கள். நாட்டை விட்டுப் போகிறவர்களை எண்ணுவது கடினம். வீட்டிலிருந்து யார் வெளிநாடு போனார்கள் என்று கேட்கலாம். ஆனால் மொத்தக் குடும்பமாகவே போனவர்களைப் பற்றிச் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் போய்ச் சேர்ந்த நாட்டின் சென்சஸில் பிறந்த நாடு வாரியாகத் தேட வேண்டும். இங்கே, 2002 முதல் வருடந்தோறும் நடக்கும் பொதுக் குடும்ப ஆய்வைப் பயன்படுத்தலாம். ஒரு வருடத்தில் சிக்கும் இந்தியக் குடும்பங்கள் மிகக் குறைவு, அதனால் பல வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் என்ற தரவுத் தளத்தில் பதிவு செய்தால் ஆய்வின் தரவு இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் பதினைந்து இருபது பேரிடம் நேர்காணல். தமிழ் பேசும் பாட்டிகளிடம் உட்கார்ந்து பேச உங்களால் முடியும். அது பலருக்கு வாய்க்காது.

முதியோர் பென்ஷனையும் விடாதீர்கள். 1928-இல் தொடங்கியபோது இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் கிடையாது. 1944-இல் குறைந்த தொகையில் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை ஆனது 1993-இல்தான். இன்றைக்கு அந்தப் பணத்தில் பேரப்பிள்ளையும் சாப்பிடுகிற வீடுகள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் 'இந்தியர் அல்லது ஆசியர்' என்ற கட்டத்தில் சமீபத்தில் வந்த பாகிஸ்தானியர், பங்களாதேஷியரும் சேர்ந்திருப்பார்கள். தமிழருக்கென்று தனி வரிசை தேடினால் ஏமாற்றம்தான். பேச்சுமொழிக் கேள்வியில் தமிழ், 'மற்றவை'க்குள் போய்விடும்.

வேலை: சென்சஸ் நடத்தும் அரசுப் புள்ளியியல் நிறுவனமான ஸ்டாட்ஸ் எஸ்ஏ, சமூக மேம்பாட்டுத் துறையின் மக்கள்தொகைப் பிரிவு, மாகாண சுகாதாரத் துறைகள், நகராட்சித் திட்டப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள். வேலைகள் குவிந்து கிடக்கவில்லை. ஆனால் தரவைக் கையாளத் தெரிந்தவர் சும்மா இருப்பதும் அபூர்வம்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவர் கடைசியாக எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, ஒரு பக்கத்தில் மெயில் போடுங்கள்: என்ன கேள்வி, எந்தத் தரவு, அதில் என்ன குறை. பல்கலைக்கழகம் வைக்கும் உள்கெடு, தேசிய ஆய்வு அறக்கட்டளை உதவித்தொகைக்கான கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் மெயிலை ஹானர்ஸ் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.