கிணற்று நீரில் நைத்திரேற்று: உங்கள் கேள்விகள்

யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து: கிணற்று நீரின் நைத்திரேற்றுப் பரிசோதனை அறிக்கையில் லீற்றருக்கு 14 மில்லிகிராம் என்று இருக்கிறது. எல்லை 50 தானே, பயமில்லையா?

நைத்திரேற்று என்பது பசளையும் கழிவும் மண்ணில் மாறி நீரில் கரையும் நைதரசன் சேர்மம். அறிக்கையை இன்னொரு முறை பாருங்கள். அந்த 14 நைத்திரேற்றாக அளந்ததா, அதிலுள்ள நைதரசனாக அளந்ததா? நைத்திரேற்றாக என்றால் நல்ல நீர். நைதரசனாக என்றால் 4.43 ஆல் பெருக்க வேண்டும். 62 வரும், எல்லை தாண்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 50 நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. நைதரசனாக அது 11.3 மட்டுமே. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் நிம்மதியாக இருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

கைக்குழந்தை இருக்கிறது. கொதிக்க வைத்தால் போதுமா?

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். மணல் வடியும் கரி வடியும் இதற்கு உதவாது. எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) கருவி உதவும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இந்த நீரில் பால்மா கரைக்கவே வேண்டாம். குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அப்படிக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்ப்பாலைப் பயமின்றிக் கொடுக்கலாம்.

சுன்னாகம் கமக்காரர்: எல்லோரும் எங்கள் யூரியாவையே குறை சொல்கிறார்கள். மலசலகூடக் குழிகளைப் பற்றி ஏன் பேச்சில்லை?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. நெருக்கமான குடியிருப்புகளில் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி காணாது. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். இரண்டு வீட்டுக் கழிவும் ஒரு தோட்டத்துப் பசளையும் ஒரே நீரில்தான் போய்ச் சேரும்.

ஆனாலும் உங்கள் பக்கக் கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ யூரியா முழுதும் நைத்திரேற்றாகிக் கீழே இறங்கினால், சுமார் 40,000 லீற்றர் சுத்தமான நீரை எல்லைவரை கொண்டுபோகப் போதும். வெங்காயப் பாத்தியில் வெள்ளை மணிகளை வீசுகிறோம், கையோடு தண்ணீர் மாறுகிறோம், வரம்பு முட்ட நிற்கிறது. வெங்காய வேரோ மேல்மண்ணிலேயே நிற்பது. அதைத் தாண்டிய பசளை உங்கள் காசு, கிணற்றுக்குள் போகிற காசு. சிறுகச் சிறுகப் பிரித்துப் போடுங்கள், அளவாக இறையுங்கள்.

இன்னொன்று: கிணற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 100 மில்லிகிராம் இருந்தால், நீங்கள் இறைக்கும் ஒவ்வொரு ஒரு லட்சம் லீற்றரிலும் ஏறக்குறைய ஐந்து கிலோ யூரியாவின் நைதரசன் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பசளை வாங்கலாமே. விவசாயப் போதனாசிரியரிடம் அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.

இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. கமக்காரர் போராடத் தெருவில் இறங்கினார்கள், நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள், ஆனாலும் விளைச்சல் விழுந்தது. மாட்டெருவிலும் நைதரசன் உண்டு, அளவு மீறினால் அதுவும் கிணற்றுக்குத்தான். ஆகவே கேள்வி எந்தப் பசளை என்பதல்ல. எவ்வளவு, எப்போது என்பதே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. நீர் பாதிக்கப்படும் வலயங்களை அடையாளம் கண்டு, விலங்கெருவிலிருந்து ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைதரசன் என்று உச்சம் வைத்தார்கள்; பசளையிடக் கூடாத காலங்களையும் குறித்தார்கள். டென்மார்க் இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொரு பண்ணையும் பசளைக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், பயிருக்குப் பயிர் அளவு உண்டு, அறுவடைக்குப் பின் மிச்ச நைதரசனை உறிஞ்ச இன்னொரு பயிர் போட வேண்டும். நிலத்திலிருந்து கசியும் நைதரசன் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே நாளில் அல்ல, 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகளில்.

உரும்பிராயும் சுன்னாகமும் அடங்கிய வலிகாமத்துக்கு நான் கேட்பது குறைவு. மாரி மழை கொட்டும் வாரங்களில் யூரியா வேண்டாம். குடிநீர்க் கிணற்றைச் சுற்றிப் பசளை படாத வட்டம் இருக்கட்டும். புது வீட்டுக்கு அனுமதி தருமுன் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை யாராவது நாடா பிடித்து அளக்கட்டும்.

எப்போது பரிசோதிப்பது நல்லது?

இரண்டு தடவை: கோடை முடிவில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பின் ஒன்று. போத்தலில் திகதியோடு, பக்கத்துத் தோட்டத்தில் கடைசியாகப் பசளை போட்ட நாளையும் எழுதி ஒட்டுங்கள்.