2019ஐத் திரும்பிப் பார்த்தால், உங்களுக்குப் பிடித்த அறிவியல் புனைவு, ஃபேன்டஸி ரசிகர் வட்டங்கள் எவை?

பிடித்த கதைகள் எவை என்று கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ரசிகர் வட்டங்களைப் பற்றிக் கேட்டிருப்பதால், கதை நன்றாக இருந்ததா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கதையைக் கொண்டு ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன். அப்படி அளந்து பார்ப்பதற்கு 2019 வாகான ஆண்டு. 1977இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ ஸ்கைவாக்கர் குடும்பக் கதை, 2008இல் ‘அயர்ன் மேன்’ படத்தோடு தொடங்கிய மார்வெல் கதைவரிசையின் முதல் பெரும் பகுதி, 2011 முதல் ஓடிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் ஆகிய மூன்றும் அந்த ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாவது சீசனின் ஆறு அத்தியாயங்களும் அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பான அதே நேரத்தில், இங்கே திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கு ஹாட்ஸ்டாரில் வந்தன. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரும் சோதனை. பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினால், மாலை திரும்பும்வரை வாட்ஸ்அப் பக்கமே தலை வைத்துப் படுக்க முடியாது. மூன்றாம் அத்தியாயத்தின் வின்டர்ஃபெல் போர் ஏறக்குறைய முழு இருட்டில் நடந்ததால், திரையின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றியும் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று தெரியாமல் பலர் புலம்பினார்கள். அடுத்த அத்தியாயத்தில் விருந்து மேசையில் அரசி டெனேரிஸுக்கு முன்னால் படப்பிடிப்புக் குழுவினரின் காபிக் கோப்பை ஒன்று அப்படியே இருந்துவிட்டது. அந்த லாட்டே தவறுதலாக வந்துவிட்டது, டெனேரிஸ் கேட்டிருந்தது மூலிகைத் தேநீர்தான் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ கேலியாக அறிக்கை விட்டதோடு, கணினி மூலம் கோப்பையை அழித்தும்விட்டது.

வேறு எழுத்தாளர்களைக் கொண்டு அந்த சீசனையே மறுபடி எடுக்க வேண்டும் என்று, தொடர் முடிவதற்கு முன்பே தொடங்கப்பட்ட மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். கடைசி சீசன் எனக்கும் பிடிக்கவில்லை. ஆயினும் சமையல் சரியில்லை என்பதற்காக மறுபடியும் உலை வைக்கச் சொல்கிற அந்த உரிமைக்குரல் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அதே கோபக்காரக் கூட்டத்திலிருந்து வேறொன்றும் நடந்தது. டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க், தமக்கு இருமுறை மூளையில் ரத்தக் குழாய் வீக்கம் ஏற்பட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை அவ்வாண்டு மார்ச்சில்தான் வெளியே சொல்லி, மூளைப் பாதிப்பிலிருந்து மீள்வோருக்காக ‘சேம்யூ’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். தொடரை நாள் முழுதும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ரெடிட் குழு ஒன்று, தன் ஆதங்கத்தை அந்த அறக்கட்டளைக்கான நிதிதிரட்டலாக மாற்றியது. அந்த வட்டத்தை முழுவதுமாக வெறுக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஏப்ரல் 26இல் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு பொங்கல் வெளியீட்டைப் போலவே வந்து இறங்கியது. ஏ.ஆர். ரஹ்மான் தமிழிலும் ஒரு மார்வெல் பாடல் போட்டார், ஏ.ஆர். முருகதாஸ் தமிழ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். விளம்பரம் வெளியான உடனே எழுந்த எதிர்ப்பு விஜய் சேதுபதியைப் பற்றியது மட்டும் அன்று. முந்தைய படங்களில் ஒரு டப்பிங் குரலோடு டோனி ஸ்டார்க் என்னும் அயர்ன் மேனை நெஞ்சில் பதித்துக்கொண்ட தமிழ் ரசிகர்கள், விடைபெறும் படத்தில் அந்தக் குரல் இல்லையே என்று வருந்தினார்கள். பெயர்கூடச் சரியாக வெளியே தெரியாத டப்பிங் கலைஞர்களுக்காக ஒரு ரசிகர் கூட்டம் நட்சத்திரத்தின் குரலையே வேண்டாம் என்றது தமிழ்த் திரைச்சூழலில் அரிதான காட்சி. படம் எனக்குச் சுமார்தான். அந்தக் கோபம் மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ ஒன்பதாம் படத்தைப் பற்றிய சண்டைகளுக்குள் நான் நுழையவில்லை. 2017இல் எட்டாம் படத்துக்காகத் தொடங்கிய அடிதடி ஓயாத வட்டம் அது. அதன் நல்ல பக்கம் நவம்பர் 12இல் தொடங்கிய ‘தி மாண்டலோரியன்’ தொடரில் கிடைத்தது. ஐம்பது வயதாகியும் தொட்டிலில் கிடக்கும், ரசிகர்கள் ‘பேபி யோடா’ என்று அழைத்த அந்தப் பச்சை நிறக் குழந்தையின் இருப்பு கசிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொம்மைகளை முன்கூட்டித் தயாரிக்காமலே விட்டிருந்தார்கள். எனவே கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் பொம்மை இல்லாத நிலையில், ரசிகர்கள் குரோஷா ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்து தாங்களே பின்னத் தொடங்கினார்கள். காதின் நீளம் எவ்வளவு, பழுப்பு அங்கிக்கு எத்தனை வரிசை என்று பின்னல் குறிப்புகள் கைமாறின. டிஸ்னி பிளஸ் இந்தியாவுக்கு 2020 ஏப்ரலில்தான் வந்தது என்பதால், ஒரு காட்சியைக்கூட நேர்வழியில் பார்க்காமலே அந்தக் குழந்தையை நமக்கெல்லாம் மீம்களின் வழியே மாதக்கணக்கில் தெரிந்திருந்தது.

மே 31இல் வந்த ‘குட் ஓமன்ஸ்’ ரசிகர்கள் அவ்வாண்டின் ஆகச் சிறந்த நகைச்சுவைக்கு உரியவர்கள். உலகம் அழியாமல் தடுக்கப் பார்க்கும் ஒரு தேவதூதரும் ஒரு சாத்தானும் நண்பர்களாக இருக்கும் கதை என்பதால், அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் குழு 20,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் தொடரை நிறுத்தச் சொல்லி நெட்ஃபிளிக்ஸுக்கு மனு அனுப்பியது. தொடரை எடுத்ததோ அமேசானும் பிபிசியும். இனிமேல் இந்தத் தொடரை எடுக்கவே மாட்டோம் என்று நெட்ஃபிளிக்ஸ் பெருந்தன்மையோடு வாக்குறுதி அளித்தது. 1990இல் வெளிவந்த மூல நாவலின் இரு ஆசிரியர்களில் ஒருவரான டெர்ரி பிராச்சட் 2015இலேயே காலமாகிவிட்டார். லண்டனில் நடந்த முதல் காட்சியில் அவருக்கென ஓர் இருக்கையை ஒதுக்கி, அவர் வழக்கமாக அணியும் கறுப்புத் தொப்பியை அதில் வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் மேலாக நான் முதலிடம் கொடுப்பது எந்தத் தனிக் கதைக்கும் உரியதல்லாத ஒரு வட்டத்துக்கு: ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’, சுருக்கமாக ஏஓ3. பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் ஃபேன்ஃபிக்‌ஷன் கதைகளின் சேமிப்பகம் அது. 2007இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தள நிறுவனம் முன்னறிவிப்பின்றி நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது; அதே சமயத்தில் ஒரு வணிக நிறுவனம் ரசிகர் கதைகளை வைத்துக் காசு பார்க்கக் கிளம்பியது. நம் எழுத்து இருக்கும் சர்வர் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், லாப நோக்கற்ற ஓர் அமைப்பைத் தொடங்கி, நிரல் எழுதத் தெரியாதவர்கள் கற்றுக்கொண்டு எழுதி, 2009 நவம்பரில் அதைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது; நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுகிறது.

அங்கே என்னை வியக்கவைப்பது கதைகளைவிடக் குறிச்சொற்களை ஒழுங்குபடுத்தும் வேலைதான். எழுதுகிறவர் தம் கதைக்கு எந்தக் குறிச்சொல்லையும் தம் போக்கில், எழுத்துப் பிழையோடுகூட இட்டுக்கொள்ளலாம், யாரும் திருத்தமாட்டார்கள். டோனி ஸ்டார்க்கை ஒருவர் முழுப் பெயரோடும் இன்னொருவர் அயர்ன் மேன் என்றும் குறித்திருந்தால், திரைக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் அவையெல்லாம் ஒரே ஆள்தான் என்று இணைத்துவைக்கிறார். எதைத் தேடினாலும் அனைத்தும் வந்து சேர்கின்றன. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் நூலகங்களே தயங்கும் வேலை இது.

2019 ஜூலையில் அங்கிருந்த படைப்புகள் 50 லட்சத்தை எட்டின. ஆகஸ்ட் 18 அன்று டப்ளினில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில், அறிவியல் புனைவு உலகின் மிகப் புகழ்பெற்ற பரிசான ஹியூகோ விருது, ‘தொடர்புடைய சிறந்த படைப்பு’ என்ற பிரிவில் ஏஓ3க்கு வழங்கப்பட்டது. மேடையேறிய, ஏஓ3ஐத் தொடங்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் நவோமி நோவிக், அரங்கின் விளக்குகளைப் போடச் சொல்லி, இதில் பங்கு உண்டு என்று நினைப்பவர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அரங்கில் பலர் எழுந்து நின்றார்கள். பின்னர் சிலர் தங்களை ஹியூகோ வென்ற எழுத்தாளர்கள் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வதும், அவ்வாறு எழுதிய சட்டை ஊசிகளை விற்க முனைவதுமாகக் கிளம்ப, விருதின் பெயருக்கு உரிமை கொண்ட அமைப்பு ஆட்சேபம் தெரிவித்தது. பெயரை விற்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வேடிக்கையை வேடிக்கையாகப் பார்க்கத் தெரியாத சிலரால் அந்தச் சச்சரவு தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது.

இரண்டாமிடம் சீனத்து ‘தி அன்டேம்டு’ தொடருக்கு. ஜூன் 27 முதல் 50 அத்தியாயங்களாக டென்சென்ட் தளத்தில் வந்தது. மூல நாவலில் குழல் வாசிக்கும் வெய் வூஷியானும், யாழ் போன்ற குச்சின் வாசிக்கும் லான் வாங்ஜியும் காதலர்கள். சீனத் தணிக்கை அதைத் திரையில் அனுமதிக்காது என்பதால், நடிகர்கள் ஷியாவ் ஜானும் வாங் யீபோவும் எல்லாவற்றையும் பார்வையிலும் இசையிலும் கடத்திவிட்டார்கள். கடைசிக் காட்சியில் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டு வெய் வூஷியான் திரும்பிப் புன்னகைப்பதோடு தொடர் நின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பல மொழிகளில் ரசிகர்களே எழுதி முடித்தார்கள். அவற்றில் பெரும் பகுதி ஏஓ3இல்தான் சேர்ந்தது. ஆனால் 2020 தொடக்கத்தில், ஷியாவ் ஜானையே பாத்திரமாக்கி எழுதப்பட்ட ஒரு கதையைக் கண்டு கொதித்த அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அரசிடம் கூட்டமாகப் புகார் அளிக்க, பிப்ரவரி 29 முதல் சீனாவில் ஏஓ3ஐத் திறக்க முடியாமல் போனது. பதிலுக்கு, அவர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தை மற்றவர்கள் தொடங்கினார்கள்.

‘தி எக்ஸ்பேன்ஸ்’ ரசிகர்களைச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. 2018 மே மாதம் சைஃபை அலைவரிசை அந்தத் தொடரைக் கைவிட்டபோது, அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டுக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அதன் பலனாக நான்காம் சீசன் 2019 டிசம்பரில் அமேசான் பிரைமில் வந்தது. நீங்கள் இன்னும் பார்த்ததில்லை என்றால், முதல் சீசனின் முதல் மூன்று அத்தியாயங்களைப் பொறுமையோடு கடந்துவிடுங்கள். நான்காவதில் நடக்கும் விண்கலச் சண்டைக்குப் பிறகு உங்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது.