ஜெல் ஊசிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 4 வயது. அடிக்கடி காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்ததால் எம்.சி.யு டெஸ்ட் (சிறுநீர்ப்பையில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தோம். இரண்டு பக்கமும் சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகம் நோக்கி மேலே திரும்பி ஏறுகிறது, கிரேடு 3 (ஐந்து நிலைகளில் மூன்றாவது) என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியே ஜெல் ஊசி போடலாம், 1,40,000 ரூபாய் ஆகுமாம். 2 லட்சத்துக்கு எஃப்.டி இருக்கிறது. கணவர் கம்பெனியில் 3 லட்சத்துக்குக் குரூப் பாலிசி (ஊழியர் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு) உண்டு. நகையை அடகு வைக்கட்டுமா? புது பாலிசி எடுக்கச் சொல்கிறான் தம்பி. (ஈரோடு வாசகி)

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தக் குரூப் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

சிறுநீர் இப்படித் திரும்பி ஏறுவது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. 'பிறவிக் குறைபாட்டுக்குப் பணம் கிடையாது' என்று யாராவது சொன்னால் உடனே பின்வாங்காதீர்கள். பாலிசிகள் வழக்கமாக விலக்குவது வெளியே தெரியும் குறைபாட்டை. உங்கள் மகளுக்கு இருப்பது உடலுக்குள். குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. ஆனாலும் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் தடையில்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் டே-கேர் (ஒரு நாளுக்குள் முடியும் சிகிச்சை) கணக்கில் வரும், அதற்கும் பாலிசியில் பணம் உண்டு. இது அவசர சிகிச்சை அல்ல. கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டுவது) அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிப் போட நேரம் இருக்கிறது. அதுவரை டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை நிறுத்த வேண்டாம்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இப்போதே போட வேண்டுமா, காத்திருக்கலாமா? குழந்தை வளர வளரத் தானாகவே சரியாவதும் உண்டு. கிரேடு கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும். சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா, மருந்து சாப்பிடும்போதே தொற்று வருகிறதா என்பதை வைத்துத்தான் அவர் முடிவு சொல்வார். அது என் வேலை இல்லை. என் வேலை இரண்டாவது ஊசியைப் பற்றி எச்சரிப்பது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் வாயிலை ஜெல் கொஞ்சம் மேடாக்கி, சிறுநீர் திரும்பாமல் தடுக்கிறது. சில குழந்தைகளுக்கு ஒரு முறையில் நிற்காது, மறுபடியும் போட வேண்டியிருக்கும். திறந்த அறுவையில் வெற்றி வாய்ப்பு அதிகம், ஆனால் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதனால் 1,40,000-ஐ மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். எத்தனை சிரிஞ்ச், ஒவ்வொன்றும் என்ன விலை, மறுபடி போட்டால் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பில்லில் பெரும்பகுதி ஜெல்லுக்கே போகலாம்.

பாலிசி கொடுத்ததுபோகப் பற்றாக்குறை வந்தால் எஃப்.டி மேல் கடன் வாங்குங்கள். வட்டி எஃப்.டி வட்டியைவிடச் சுமார் 1 முதல் 2 சதவீதம்தான் கூடும்.

தம்பி சொல்லும் பாலிசியை எடுக்கலாம், ஆனால் இந்தச் சிகிச்சைக்கு அது உதவாது. நோயை மறைக்காமல் எழுதினால் 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். மறைத்தால் பின்னால் க்ளெய்மே போய்விடும்.

அப்புறம், ஜெல் டப்பாவின் ஸ்டிக்கரையும் தனி பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள். பணத்தை நீங்களே கட்டிவிட்டு க்ளெய்ம் போட நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.