ஓடும்போது ஸ்டியரிங் இறுகுகிறது, ‘பழுதே இல்லை’ என்கிறார்கள்!

கேள்வி: திருநெல்வேலியில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் கடன் போட்டு 13 லட்ச ரூபாயில் கார் வாங்கினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் திடீரென இறுகிவிடுகிறது. இதுவரை மூன்று முறை. கடைசியாக கங்கைகொண்டான் அருகே நான்குவழிச் சாலையில், குழந்தைகளோடு போகும்போது. சர்வீஸ் சென்டரில் “கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல சார்” என்கிறார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால் டீலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். மாற்றுக் கார் கிடைக்குமா? இ.எம்.ஐ.யை நிறுத்தலாமா?

பதில்: இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கார் நின்றாலும் தவணை நிற்காது. நிறுத்தினால் வங்கியோடு இன்னொரு வழக்குதான் மிஞ்சும். காரை மட்டும் நிறுத்திவிடுங்கள். இனி அதில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் புகாரைக் குறித்துத் தரும் சீட்டுகளான உங்கள் மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஜெனரல் செக்கப்’, ‘வீல் அலைன்மென்ட்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். நாளை கம்பெனி வக்கீல் அதைக் காட்டி, “ஸ்டியரிங் புகாரே வரவில்லையே” என்பார். அடுத்த முறை ‘80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் இறுகியது’ என்று நீங்கள் சொன்னபடியே எழுத வைத்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேன் செய்தால், கார் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) அழிப்பதற்கு முன் ஒரு பிரிண்ட் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததையே அன்றைக்கே மெயிலில் எழுதிப் போடுங்கள். வண்டியை எடுக்கும்போது ‘திருப்தி’ என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘குறை தீரவில்லை’ என்று எழுதிப் போடுங்கள். இந்த இரண்டு வார்த்தை இல்லாமல் வீணான வழக்குகள் நிறைய.

அப்புறம் கம்பெனிக்கும் டீலருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ். பதில் திருப்தி இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் திருநெல்வேலியிலேயே போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலும் கவலையில்லை. கட்டணம் 400 ரூபாய். இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. ‘பார்க்கிறோம் சார்’ என்று அவர்கள் இழுப்பதெல்லாம் அந்தக் கெடுவை நீட்டாது.

மாற்றுக் கார் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கிளட்ச் கோளாறு தொடர்பான 2006 வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழுக் காருக்கு இல்லை என்றது. ஆனால் விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் புதுக் கார் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. மோதலின் வேகம், விசை எல்லாம் கணக்குப் போட்டு நிரூபிக்க நுகர்வோர் இயற்பியல் நிபுணர் இல்லை என்றும் சொன்னது. உயிரோடு சம்பந்தப்பட்ட பாகம் என்பதால் உங்கள் வழக்கு இரண்டாவதற்குத்தான் நெருக்கம் என்பது என் கருத்து. இருந்தாலும் மனுவில் மாற்றுக் கார், இல்லையேல் பணம், அதுவும் இல்லையேல் முழுமையான பழுதுநீக்கம் என்று வரிசையாகக் கேளுங்கள். கூடவே இழப்பீடும்.

பழுதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், காரை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி ஆணையத்தில் தனி மனு போடுங்கள். சட்டத்தின் 38-ஆம் பிரிவில் அதற்கு வழி உண்டு. ஆய்வுச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். வெளியில் ஹாரன், ஸ்டியரிங் கவர், லைட் என்று எதையாவது மாட்டியிருக்கிறீர்களா? ‘வண்டியில் கை வைத்துவிட்டார்’ என்பதுதான் அவர்களின் முதல் தப்பிக்கும் வழி. பில் இருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் கொடுங்கள். டேஷ்கேம் வீடியோ இருந்தால் மெமரி கார்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள். அதைச் சாட்சியமாக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவுப்படி, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். ஒரே ஒருவர் புகாரால் அது நடந்துவிடாது. ஆனாலும் மத்திய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து வையுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போட்டும் பாருங்கள். ஸ்டியரிங் பாகத்துக்கு ரீகால் (திரும்பப் பெறுதல்) அறிவித்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுங்கள். ‘பழுதே இல்லை’ என்ற வாதம் அதன் முன் அதிக நேரம் நிற்காது.

வழக்கு முடியும்வரை காரை விற்காதீர்கள். விற்றால் ‘இவர் இப்போது நுகர்வோரே இல்லை’ என்று வாதாடுவார்கள். விஷயத்தைச் சொல்லாமல் விற்றாலோ, வாங்கியவர் உங்கள் மீதே நோட்டீஸ் விடுவார்.